ராத்திரி நல்லா இருந்த செல்போன் விடிஞ்சதும் 'காலி'! அப்டேட் போட்டதால் கெட்டால் யார் பொறுப்பு?

"வாரண்டி முடிஞ்சு போச்சு" என்று கையை விரித்தால் நம்பி விடாதீர்கள்

விழுப்புரத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது

கூட்டேரிப்பட்டு,

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் முருகன் கோவிலுக்குத் திரும்பும் கூட்டேரிப்பட்டு கூட்ரோடு. விடியற்காலை 5 மணிக்கே பஸ்சுக்கு நிற்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பி ஒருவர் டிபன் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அவர் கையில் 14 ஆயிரம் ரூபாய் செல்போன். வாங்கி 16 மாதம் ஆகிறது. ஒரு கீறல் இல்லை. தண்ணீரில் விழவில்லை.

இரவு 11 மணிக்குத் திரையில் ஒரு அறிவிப்பு வருகிறது. "புதிய அப்டேட் தயார். இப்போது போடவா?" என்று கேட்கிறது. கடையைக் கட்டிவிட்டு வந்த அலுப்பில் "சரி" என்று அழுத்திவிட்டுப் படுத்து விடுகிறார்.

காலையில் எடுத்துப் பார்த்தால் போன் உயிரோடு இல்லை. கம்பெனியின் பெயர் மட்டும் திரையில் வருகிறது, மறைகிறது. மறுபடி வருகிறது, மறைகிறது. அவ்வளவுதான்.

"பணம் அனுப்பிட்டேன் அண்ணே"

இது சாதாரண விஷயம் அல்ல. கடை வாசலில் ஒட்டிய கட்டம் போட்ட அட்டையில் பணம் வந்து கொண்டேதான் இருக்கும். ஆனால் வந்ததா, வரவில்லையா என்று பார்க்க போன் இல்லை. "அனுப்பிட்டேன் அண்ணே" என்று பழைய படத்தைக் காட்டிவிட்டு நடையைக் கட்டும் ஆசாமிகளுக்கு இப்படிப்பட்ட நாள்தான் அறுவடை நாள்.

மாவு மில்காரர் நம்பர் போனில். கடன் சொன்னவர்கள் கணக்கு போனில். கேஸ் சிலிண்டர் பதிவு போனில். ஒரு ராத்திரியில் எல்லாம் போச்சு.

பதறியடித்துக் கொண்டு திண்டிவனம் பஸ் பிடித்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பையன் 5 நிமிடம் பார்க்கிறான்.

"மதர்போர்டு போயிடுச்சுங்க. எட்டாயிரத்து ஐந்நூறு ஆகும்."

"தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்டேட் போட்டதுக்கு அப்புறம்தான் இப்படி."

"அதுக்கு நாங்க என்ன பண்றது? வாரண்டி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே."

பேச்சு அத்தோடு முடிகிறது. பாதிப் பேர் கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டுகிறார்கள். மீதிப் பேர் போனை பீரோவில் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். இரண்டுமே தேவை இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

கை வைத்தது யார்?

மிக்சி வாங்குகிறோம். 16 மாதம் ஓடுகிறது. பிறகு நின்று விடுகிறது. "வாரண்டி முடிந்தது" என்று கடைக்காரர் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

ஆனால் மிக்சி கம்பெனி ஆள் நள்ளிரவில் வீட்டுக்குள் வந்து, மோட்டாரைக் கழற்றி வேறு மோட்டார் மாட்டிவிட்டுப் போகிறார். காலையில் மிக்சி ஓடவில்லை. அப்போதும் "வாரண்டி முடிந்தது" என்று சொன்னால் விடுவோமா?

அப்டேட் என்பதும் அதே மாதிரிதான். விற்ற பொருளுக்குள் கம்பெனி மறுபடியும் கை வைக்கிறது. செல்போன் மட்டுமல்ல, டி.வி., லேப்டாப், பிரிண்டர், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இன்று இது நடக்கிறது. கை வைத்தவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எப்படிக் கெடுகிறது?

அப்டேட் வரும்போது போனுக்குள் இருக்கும் பழைய புரோகிராமுக்குப் பதிலாகப் புதியதை எழுதுகிறது. எழுதும்போது பாதியில் சார்ஜ் தீர்ந்தாலோ, எழுதும் சிப் தேய்ந்திருந்தாலோ எழுத்து முழுமை ஆகாது. போன் எழுந்திருக்காமல் போகலாம்.

சில சமயம் புதிய புரோகிராம் பழைய பாகத்துக்குப் பொருந்தாது. கேமரா, சார்ஜ், சிக்னல் என்று ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும். அப்டேட் நேரத்தில் போன் சூடாகும். உள்ளே ஏற்கனவே பலவீனமான பற்ற வைப்பு இருந்தால் அந்தச் சூட்டில் விட்டுப் போகும்.

கம்பெனிகள் பிடித்துக் கொள்வது இந்தக் கடைசிக் காரணத்தைத்தான். "உங்க போன் ஏற்கனவே வீக். அப்டேட் மேல பழி போடாதீங்க" என்பார்கள். சில போன்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் அத்தாட்சி முக்கியம்.

ஒரு அப்டேட் இவ்வளவு செய்யுமா என்று சந்தேகப்படுபவர்கள் 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந்தேதியை நினைத்துப் பார்க்கலாம். 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற அமெரிக்க கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்து விட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

குட்டு வெளிப்பட்டது

வெளிநாடுகளில் பெரிய கம்பெனிகளே இந்த விவகாரத்தில் மாட்டி இருக்கின்றன.

2017 ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி ஐபோன்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. பேட்டரி பழசான போன்கள் அதன் பிறகு மெதுவாக ஓடின. போன் பழசாகி விட்டது என்று நினைத்துப் பலர் புதுசு வாங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் குட்டு வெளிப்பட்டது. போன் திடீரென்று அணைந்து போகாமல் இருக்க வேகத்தைக் குறைத்தது உண்மைதான் என்று கம்பெனியே ஒப்புக் கொண்டது. மன்னிப்புக் கேட்டது. 79 டாலர் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது.

அத்தோடு விடவில்லை. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் அரசு 2½ கோடி யூரோ அபராதம் போட்டது. போட்ட காரணம் கவனிக்க வேண்டியது: அப்டேட் போட்டால் போன் மெதுவாகலாம் என்பதை வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். அதே ஆண்டு அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்து சமரசம் ஆனது.

இத்தாலியில் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம். புதிய மாடலுக்காகச் செய்த அப்டேட்டைப் பழைய மாடல்களில் போடச் சொல்லி வற்புறுத்தினார்கள், போன் கெட்டது என்பது குற்றச்சாட்டு.

கூகுள் கம்பெனி 2025 ஜனவரியில் 'பிக்சல் 4ஏ' போனுக்கு ஒரு அப்டேட் அனுப்பியது. சில போன்களில் சார்ஜ் நிற்கும் நேரம் குறையும் என்று அதுவே சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச பேட்டரி, அல்லது பணம் என்று அறிவித்தது. சொல்லிவிட்டுச் செய்வதற்கும், சொல்லாமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

டெல்லியில் இருந்து பறந்த நோட்டீஸ்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருல நடக்கும்" என்று சொல்ல வேண்டாம்.

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை மந்திரி பிரகலாத் ஜோஷி ஒரு தகவலை வெளியிட்டார். ஐபோனில் 'ஐ.ஓ.எஸ். 18' அப்டேட்டுகள் போட்ட பிறகு கோளாறு வருவதாக தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்தன. அவற்றை ஆராய்ந்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மூலம் ஆப்பிளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது என்றார்.

கவனியுங்கள். அந்த நோட்டீசுக்குப் பின்னால் இருந்தது போனை எடுத்து நம்பர் போட்ட சாதாரண ஜனங்கள்தான்.

அதே போல, போன் திரையில் திடீரென்று பச்சைக் கோடு விழும் தொல்லை. அப்டேட் போட்ட பிறகுதான் விழுந்தது என்று ஏராளமானோர் சத்தம் போட்டார்கள். 2023-ல் ஒன்பிளஸ் கம்பெனி நம் நாட்டில் சில பழைய மாடல்களுக்கு ஆயுள் முழுக்கத் திரை வாரண்டி என்று அறிவித்தது. 2024-ல் சாம்சங் சில விலை உயர்ந்த மாடல்களுக்கு ஒரு தடவை இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தது. இரண்டுமே வாரண்டி முடிந்த போன்கள். கேட்டவர்கள் இருந்ததால் கிடைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போய், 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில் "அப்டேட்" என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. ஆனால் பிடித்துக் கொள்ள மூன்று கொம்புகள் இருக்கின்றன.

ஒன்று, பொருளில் குறைபாடு. கம்பெனி சொன்ன தரத்தில் பொருள் இல்லை என்றால் அது குறைபாடு.

இரண்டு, சேவையில் குறைபாடு. தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்று சட்டமே சொல்கிறது. பிரான்சில் அபராதம் போட்ட அதே சங்கதி!

மூன்று, முறையற்ற வணிகம். பொய் சொல்லி விற்பது, ஏமாற்றுவது எல்லாம் இதில் வரும்.

"நீங்கதானே 'சம்மதம்' அழுத்தினீங்க?" என்று மடக்குவார்கள். 40 பக்கத்தைப் படிக்காமல் அழுத்திய சம்மதம் எல்லாவற்றையும் விழுங்கி விடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு.

அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி வெடித்துக் கை சுட்டாலோ, வீட்டுச் சாமான் எரிந்தாலோ சங்கதி வேறு. அப்போது 'தயாரிப்புப் பொறுப்பு' என்ற தனி அத்தியாயம் வருகிறது. அதில் தயாரித்த கம்பெனியே நேரடியாக நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரும். ஆனால் போன் மட்டும் செத்துப் போனதற்கு அந்த அத்தியாயம் உதவாது. மேலே சொன்ன மூன்று கொம்புகள்தான் உதவும்.

பெங்களூருக்கு ஓட வேண்டாம்

இனி வழக்குப் போடுவதற்கு வருவோம். கம்பெனி ஆபீஸ் பெங்களூரிலோ, டெல்லியிலோ இருக்கலாம். ஆனால் புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. கூட்டேரிப்பட்டுக்காரர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டால் போதும். கம்பெனிதான் இங்கே வர வேண்டும்.

பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, தானே வாதாடலாம். கம்ப்யூட்டரில் 'இ-ஜாக்ரிதி' தளம் மூலமும் தாக்கல் செய்யலாம். பொருளைச் சோதிக்க வேண்டி இல்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதிக்க வேண்டியதை 5 மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இழுக்கலாம். பொறுமை வேண்டும்.

போன் கெட்ட நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூவரையும் சேர்த்தே போடலாம்.

ஜெயித்தால்? கோளாறைச் சரி செய்து தரச் சொல்லலாம். புதுப் போன் தரச் சொல்லலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். நஷ்டஈடும், செலவுத் தொகையும் தரச் சொல்லலாம். தீர்ப்பை மதிக்காவிட்டால் 1 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில், அல்லது 25 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"கடைக்கு உபயோகிச்ச போன்தானே, நீங்க வியாபாரி" என்று ஒரு ஆட்சேபணை கிளப்புவார்கள். பயப்பட வேண்டாம். தன் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. டிபன் கடை, டெய்லர், ஆட்டோ, பூக்கடை எல்லாம் இதில் அடங்கும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

நல்ல வழக்கும் அத்தாட்சி இல்லாமல் படுத்து விடும். "அப்டேட் போட்டதால்தான் கெட்டது" என்று காட்ட வேண்டிய பொறுப்பு புகார் கொடுப்பவர் தலையில்தான் விழுகிறது. எனவே:-

பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். வெயிலில் மங்கும் பில் என்றால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரைத் தனியாக எழுதி வையுங்கள்.

போன் அரைகுறையாக ஓடினால், எந்த அப்டேட், எந்தத் தேதி என்பது செட்டிங்சில் தெரியும். அதை வேறு போனில் படம் எடுங்கள். தேய்ந்து போன மாதிரி திரும்பத் திரும்ப அணைந்தால் அதை வீடியோ எடுங்கள்.

பக்கத்துக் கடையில் கொடுத்துத் திறக்க விடாதீர்கள். திறந்தால் "வெளியாள் கை வைத்தது" என்று கம்பெனி தப்பித்துக் கொள்ளும். முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனைக் கொடுக்கும் முன் சிம்மையும், மெமரி கார்டையும் கழற்றிக் கொள்ளுங்கள். பண விவகார ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

மிக முக்கியம் ஜாப் ஷீட். "போன் ஆன் ஆகவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள். "இன்ன தேதி அப்டேட் போட்ட பிறகு ஆன் ஆகவில்லை, தண்ணீர் படவில்லை, கீழே விழவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று கம்பெனிக்கு ஈமெயில் அனுப்புங்கள். 8,500 ரூபாய் ஆகும் என்று வாயால் சொன்னதையும் காகிதத்தில் கேளுங்கள்.

தேவைப்பட்டால் ஆணையம் போனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டி வரலாம். ஆகவே செத்த போனைப் பழைய சாமான்காரரிடம் போட்டு விடாதீர்கள்! அதுதான் சாட்சி.

முதலில் ஒரு போன்

நேராக வழக்குக்குப் போகும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள். அது கோர்ட்டு அல்ல. உத்தரவு போட முடியாது. ஆனால் புகார் நம்பர் ஒன்று கிடைக்கும். அதுவே பிறகு அத்தாட்சி ஆகும்.

ஒரே மாடல் போன் பலருக்கும் கெட்டிருந்தால் கலெக்டரிடமும் மனுக் கொடுக்கலாம். விசாரித்து மத்திய ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. திங்கட்கிழமை மனுநாளில் பட்டா, பென்ஷன் மனுக்களோடு இதையும் கொடுக்கலாம்.

கூகுளில் தேடி வரும் "கஸ்டமர் கேர்" நம்பர்களை நம்பி ஏமாறாதீர்கள். அதில் பல மோசடிக் கும்பலின் நம்பர்கள். ஓ.டி.பி. கேட்டாலே போனை வைத்து விடுங்கள்.

அப்டேட்டே வேண்டாமா?

அப்படியும் விட முடியாது. திருட்டுக் கும்பல்கள் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான். போடாமலே விட்டால் பேங்க் ஆப் நின்று போகலாம்; பணமும் போகலாம்.

போடுவதற்கு முன் போட்டோ, நம்பர், கணக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். பெரிய அப்டேட் என்றால் ஒரு வாரம் பொறுத்து, மற்றவர்கள் போன் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போடலாம். வியாபாரத்துக்கு முந்தின இரவில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மறுபடியும் அந்தக் கண்ணாடி

இப்போது அதே டிபன் கடைக்காரர் அதே சர்வீஸ் சென்டருக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். கையில் பில். இன்னொரு கையில் அப்டேட் தேதி எழுதிய சீட்டு.

"வாரண்டி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சேங்க."

"முடிஞ்சது வாரண்டி, தம்பி. நேத்து ராத்திரி என் போன்ல கை வச்சது யாரு? அதை இந்தக் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு."

அந்தப் பையனால் பதில் சொல்ல முடியாது. அவனும் சம்பளத்துக்கு நிற்பவன்தான். ஆனால் அந்தக் காகிதம் கம்பெனிக்குப் போகும். கம்பெனி பதில் சொல்லாவிட்டால் விழுப்புரத்துக்குப் போகும்.

பணம் திரும்பி வருமா என்பதைத் தீர்ப்புச் சொல்லும். ஆனால் கேட்காத ஆளுக்கு 8,500 ரூபாய் நஷ்டம் நிச்சயம்!